பேச்சு டீச்சரின் பற்கள்

காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், தையல் டீச்சர், விளையாட்டு டீச்சர் என்று பலர் இருந்தார்கள். இவள் பேச்சு டீச்சர். தலைமை ஆசிரியையிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவள் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனால் அவரும், "பேச்சு டீச்சர், பெல் அடிச்சாச்சு" என்பார். மகன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டதால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

பள்ளியில் அவளுடைய அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. சுவரோடு ஒரு நீளக் கண்ணாடி, எதிரே இரண்டு குட்டை நாற்காலிகள், ஒரு மேஜை விளக்கு, ஒரு டப்பா நிறைய மூச்சுப் பட்டால் பறக்கிற மெல்லிய காகிதத் துண்டுகள். மற்றபடி அவள் வாய்தான் பாடப்புத்தகம். குழந்தைகள் கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்ப்பது மட்டும் போதாது. 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும்; வித்தியாசத்தைத் தொட்டுத்தான் காட்ட வேண்டும். குழந்தையின் புறங்கையைத் தன் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு 'ப' என்பாள். காற்று கையில் வந்து மோதும். பிறகு அதே விரல்களைத் தன் மூக்கின்மேல் வைத்து 'ம்ம்' என்பாள். அங்கே அதிரும். முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, மூச்சுக் காற்று படும் தூரத்தில் நடக்கிற பாடம் அது.

அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு சிறுமி இருந்தாள். ஓரிடத்தில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருப்பதால் எல்லோருக்கும் அவள் எறும்பு. முதலில் வாயிலிருந்து சத்தமே வராதவள், டீச்சரிடம் வந்தபிறகு 'அப்பா' என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். ஆனால் அம்மாவையும் 'அப்பா' என்றுதான் கூப்பிட்டாள். 'ம' இன்னும் பிடிபடவில்லை. எறும்பின் அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் தைப்பவள். வேலை முடிந்து மகளைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே புலம்புவாள்: "பத்து மாசம் சுமந்தது நான், பேரு அவருக்கா? சீக்கிரம் என்னையும் கூப்பிட வைங்க டீச்சர்."

"வைக்கிறேன், வைக்கிறேன். உன் முறை வராமலா போயிடும்?" என்பாள் டீச்சர்.

அந்த 'ம'வுக்காகத்தான் அன்று காலையும் உட்கார்ந்தார்கள். டீச்சர் குழந்தையின் கையைத் தன் வாய்க்கு நேரே பிடித்து, முதலில் 'ப' என்றாள். எறும்பு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் முகத்துக்கு முன்னால் விசிறினாள். டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. என்ன என்று புருவத்தை உயர்த்தினாள். எறும்பு எழுந்துபோய் மூலையிலிருந்த குப்பைக்கூடையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு டீச்சரின் வாயைக் காட்டினாள்.

அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. காது கேட்கிற பிள்ளையாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கும். முகமும் கையுமே பேச்சாக வளர்ந்த குழந்தைக்கு நினைத்ததை மறைக்கிற வித்தை இன்னும் வந்திருக்கவில்லை.

டீச்சர் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். கையைக் குவித்து ஊதி முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தன் வாய் தனக்குத் தெரியாதாம், யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. புறங்கையை நக்கி, காய விட்டு, மறுபடி முகர்ந்தாள். அப்போது தெரிந்தது. மீன் கழுவிய தண்ணீரை நாள் கணக்கில் வைத்திருந்ததுபோல ஒரு நாற்றம்.

சுவரில் சாய்ந்து நின்றாள். தையல் டீச்சர் கொஞ்ச நாளாகக் கேட்காமலே மிட்டாய் நீட்டுவது, ஆசிரியர் அறையில் தன் பக்கத்து ஜன்னலை யாராவது வந்து திறந்து வைப்பது, பேருந்தில் பேச்சுக் கொடுத்த பெண் முந்தானையை மூக்கருகே கொண்டுபோனது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஊருக்கே தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் கேட்டாள். "என்னங்க, என் வாயில நாத்தம் ஏதாவது தெரியுதா?"

அவர் காலுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "என்கிட்ட போய்க் கேக்கறியே. பால் தீஞ்சு பாத்திரம் கருகினதே எனக்குத் தெரியலை. என் மூக்கு, கண்ணாடி மாட்டறதுக்கு மட்டும்தான் இருக்கு."

பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். ஆனால் அவள் அதற்குள் எழுந்துபோய்விட்டாள்.

பல் விளக்கும்போது ரத்தம் வருவது பல வருடக் கதை. பிரஷ் சிவப்பாவதும், வாய் கொப்பளித்த தண்ணீர் இளஞ்சிவப்பாகப் போவதும் பழகிவிட்டிருந்தது. வலி இல்லாத எதையும் அவள் நோயென்று எண்ணியதில்லை. இப்போது கண்ணாடிக்கு முன்னால் விளக்கைச் சாய்த்து வைத்து உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறுகள் கருஞ்சிவப்பாக உப்பியிருந்தன. விரலால் அழுத்தினால் ஓரத்தில் ரத்தமும் வெள்ளையாக ஏதோ ஒன்றும் கசிந்தது.

அதன்பிறகு அவளுடைய நாட்கள் வாயைச் சுற்றியே ஓடின. உப்புத் தண்ணீர், கிராம்பு, விதவிதமான கொப்பளிக்கும் மருந்துகள். கடினமான பிரஷ் வாங்கிச் சட்டி கழுவுகிற மாதிரி தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க ரத்தம்தான் அதிகமானது. தலையணை உறையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. மற்ற ஆசிரியைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டாள். 'வயிறு சரியில்லை' என்று தன் அறைக்குள்ளேயே சாப்பாட்டை முடித்துக்கொண்டாள். எறும்புக்கு எதிரே உட்காரும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு 'ப' சொல்ல முடியாது.

ஒரு நாள் ரொட்டியைக் கடித்தபோது மேல்வரிசை முன்பல் ஒன்று அசைந்தது. நாக்கால் மெல்லத் தள்ளினாள். பல் நகர்ந்தது. சுவரில் நன்றாக அறைந்திருக்கிறது என்று நம்பித் துணி மாட்டிக்கொண்டிருந்த ஆணி கையோடு வருகிற மாதிரி இருந்தது.

மறுநாள் முகமூடி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். சளி என்றாள்.

அதைவிடப் பெரிய தப்பு அவள் செய்திருக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு பேச்சு டீச்சர் என்ன செய்வாள்? பெரிய பிள்ளைகள் சைகையில் சமாளித்தார்கள். சின்னவர்கள் அந்த வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் கேட்பது புரியாமல், அவள் தலை அசைந்தால் இவர்களும் அசைத்தார்கள். எறும்பு ஒருமுறை எழுந்து வந்து முகமூடியைப் பிடித்துக் கீழே இழுக்கப் பார்த்தாள். டீச்சர் அந்தச் சின்னக் கையைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டாள். குழந்தை திகைத்துப்போய்த் தன் கையையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தது.

அந்த வார இறுதியில் அக்கா வந்தாள். நாலு தெரு தள்ளி இருக்கிற கூடப்பிறந்த அக்கா. ஐம்பது வயதுக்கு முன்பே எல்லாப் பல்லும் போய் முழுப் பல்செட் போட்டவள். விஷயத்தைக் கேட்டதும் அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு எப்பவோ தெரியும்டி. நீ மனசு நொந்துக்குவேன்னுதான் வாயைத் திறக்கலை."

"நீயுமா அக்கா?"

"நம்ம வீட்டு ராசி அது. அம்மாவுக்கு இப்படித்தான், எனக்கும் இப்படித்தான். எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு என்னை மாதிரி செட்டு வெச்சுக்கோ. ஒரு தொல்லையும் இல்லை." பேச்சோடு பேச்சாக அதைக் கழற்றிக் கையில் எடுத்துக் காட்டினாள். உடனே அவள் கன்னம் உள்ளே விழுந்து, ஒரு நொடியில் பத்து வயது கூடிவிட்டது. மறுபடி மாட்டிக்கொண்டு, "க்ளீனிங் அது இதுன்னு மட்டும் போயிடாதே. சுரண்டினா இருக்கற பல்லும் ஆட ஆரம்பிச்சிடும்" என்றாள். போகும்போது, "பல் போனா சொல் போச்சும்பாங்க. உனக்கு அந்தக் கவலை வேண்டாம், உன் பிள்ளைங்களுக்குத்தான் காது கேக்காதே" என்று ஒரு ஜோக் அடித்தாள்.

அக்காவுக்குக் கல்மிஷம் கிடையாது. ஆனால் டீச்சர் அன்று முழுக்க அந்த வாயையே நினைத்துக்கொண்டிருந்தாள். செட்டு போட்டதிலிருந்து அக்காவின் 'ச'வில் ஒரு விசில் சேர்ந்திருந்தது. 'த' சொல்லும்போது நாக்கு எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறியது. காதால் கேட்பவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. கண்ணால் கேட்கிறவர்களுக்கு அந்த வாய் வேறு மொழி.

கடைசியில் அவளைக் கிளப்பிக்கொண்டு போனவர் வீட்டுக்காரர்தான். வாஷ்பேசினில் அவள் துடைக்க மறந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "வா" என்றார்.

பல் டாக்டர் இவளைவிட இளையவள். மருந்துக்கடைக்கு மேலே சின்ன கிளினிக். மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு ஆழம் பார்த்து, நர்ஸிடம் எண்களாகச் சொல்லிக்கொண்டே போனாள். மூன்று என்றால் பரவாயில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். மூன்று அரிதாகத்தான் வந்தது. ஆறும் ஏழுமாக வந்துகொண்டிருந்தது. மேல் முன்பல்லில் கம்பி இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் எண்ணைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் தயங்கினாள்.

பிறகு எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினாள். "இந்தக் கோடு வரைக்கும் எலும்பு இருக்கணும். உங்களுக்கு இங்க வந்திருச்சு. பாதி வேர் பிடிப்பில்லாம நிக்குது. பல்லுல படியற அழுக்கு காரையாகி, ஈறுக்குள்ள இறங்கி வேர்ல ஒட்டிக்கிட்டிருக்கு. ஈறு பல்லை விட்டு விலகிப் பை மாதிரி ஆயிடுச்சு. சீழ், வாடை எல்லாம் அங்கேர்ந்துதான். நீங்க என்ன தேய்ச்சாலும் பிரஷ் அங்க போகாது."

"இப்ப என்ன செய்யணும் டாக்டர்?"

"டீப் க்ளீனிங். மேலாப்புல தேய்க்கறது இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குள்ள போய் வேர்ல இருக்கற காரையைச் சுரண்டி எடுத்து, வேரை வழவழப்பாக்கணும். அப்பத்தான் ஈறு திரும்பப் பல்லோட ஒட்டும். ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்த வாரம் இன்னொரு பக்கம்."

"போன எலும்பு?"

"அது பெரும்பாலும் திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம்."

"இந்த முன்பல்லு?"

"அதைப் பத்தி இப்ப வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்ற டாக்டர், "சர்க்கரை எப்பவாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

பார்த்ததில்லை. பார்த்தபோது இருந்தது. நிறையவே இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு ஆறாது, ஈறு ஆறாவிட்டால் சர்க்கரையும் இறங்க அடம்பிடிக்கும் என்றார்கள். வேறொரு டாக்டர், மாத்திரைகள், சாப்பாட்டில் கட்டுப்பாடு. பட்ட காலிலே படும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

முதல் பாதி, வலது பக்கம். ஊசி போட்டதும் உதடு வீங்கிப்போனது போல் கனத்தது. ஒரு கருவி கீச்சென்று அலறிக்கொண்டே தண்ணீரைப் பீய்ச்சியது. ஒரு குழாய் ரத்தத்தையும் எச்சிலையும் உறிஞ்சியது. அது ஓய்ந்ததும் வளைந்த கம்பிகள். வலி இல்லை. ஆனால் வேரைச் சுரண்டுகிற கரகரப்பு தாடை வழியாக மண்டைக்குள் போனது, தார்ச்சாலையில் மண்வெட்டியை இழுக்கிற மாதிரி.

நடுவில் டாக்டர் ஏதோ கேட்டாள். இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. டீச்சர் வழக்கம்போல் உதட்டைப் பார்த்தாள். அங்கே முகமூடி. அதற்கு மேலே இரண்டு கண்கள் அவளையே பார்த்துக் காத்திருந்தன. வலிக்கிறதா என்கிறாளா? வாயை இன்னும் திற என்கிறாளா? அசையாதே என்கிறாளா? டீச்சர் எதற்கென்றே தெரியாமல் தலையை ஆட்டினாள். ஆட்டியவுடன், தன்னைப் பார்த்துக்கொண்டு இதேபோல் தலையாட்டிய சின்ன முகங்கள் நினைவில் வந்தன. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. வலிக்கிறது என்று எண்ணிய டாக்டர் இன்னொரு ஊசி போட்டாள்.

நாளையிலிருந்து முகமூடி போடுவதில்லை என்று வீடு திரும்பும் வழியில் முடிவு செய்தாள். அந்த முடிவு நிலைக்கவில்லை. இரண்டு மூன்று நாளில் வீக்கம் வற்றி ஈறு சுருங்கியதும், வலப்பக்கப் பற்களெல்லாம் குதிரைப் பல் மாதிரி நீண்டு தெரிந்தன. முன்பு சதை அடைத்திருந்த இடங்களில் கருப்பாக முக்கோண இடைவெளிகள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் மின்சாரம் பாய்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பற்கள் முன்பைவிட அதிகமாக ஆடுவது போலிருந்தது. இப்படியெல்லாம் ஆகும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்கு அது எப்படி நினைவிருக்கும்? அக்கா சொன்னதுதான் நடந்துவிட்டது என்று முடிவுகட்டினாள்.

"காரைங்கறாங்க. என் பல்லைத்தான் சுரண்டி எடுத்திருக்காங்க" என்று வீட்டுக்காரரிடம் கத்தினாள். "இனிமே நான் போக மாட்டேன். நீங்கதான் இழுத்துட்டுப் போனீங்க!"

"பாதியில விட்டா எப்படிம்மா?"

"பாதியிலயே இப்படி. முழுசா முடிச்சா ஒரு பல்லும் மிஞ்சாது!"

அன்று அவரே தோசைக்கல்லை அடுப்பில் வைத்து என்னவோ செய்தார். அவள் தொடவில்லை. அவரும் சாப்பிடவில்லை.

முகமூடி மறுபடி ஏறியது. அடுத்த வாரம் இடது பக்கத்துக்குப் போக வேண்டிய நாளில் கிளினிக்குக்குப் போகாமல், வகுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கேதான் தலைமை ஆசிரியை வந்து பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் சொன்னாள்.

"டீச்சர், சளின்னு இனிமேயும் என்னால நம்ப முடியலை. என்னன்னு நீங்க சொல்ல வேண்டாம். ஆனா சின்னப் பிள்ளைங்களுக்கு இந்த வயசு போனா திரும்ப வராது. புதுசா ஒரு பேச்சு டீச்சர் சேர்ந்திருக்காங்க, பிள்ளைங்களை அவங்ககிட்ட மாத்தறேன். நீங்க பெரிய பிள்ளைங்களைப் பாத்துக்குங்க."

"கொஞ்ச நாள் டைம் குடுங்க."

"குடுத்துட்டுத்தான் இருந்தேன்."

எறும்பின் பையைத் தூக்கிக்கொண்டு ஆயா போவதை டீச்சர் வாசலில் நின்று பார்த்தாள். எறும்பு திரும்பிப் பார்க்கவில்லை. கை தட்டப்பட்ட நாளிலிருந்தே அவள் டீச்சரின் பக்கம் வருவதைக் குறைத்திருந்தாள்.

அந்த நாட்களில் டீச்சர் யாரிடமும் பேசவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். பேருந்தில் கடைசி இருக்கையில் ஜன்னலோரமாக முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு போனாள். எல்லோரும் தூங்குகிற நேரத்தில் நாக்கு மட்டும் விழித்திருந்து ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தது. செத்துப்போனால்கூட வாயைக் கட்டிவிடுவார்கள், நல்லதுதான் என்று ஒருமுறை நினைத்தாள். நினைத்தபிறகு தனக்கே பயந்துபோய் எழுந்து விளக்கைப் போட்டாள்.

இடது கன்னம் வீங்கியது அதற்குப் பிறகு. காலையில் லேசாகத் தொடங்கி, மாலைக்குள் கண் வரை ஏறியது. மேல் முன்பல்லுக்குப் பின்னால் ஈறு பட்டாணி அளவு உப்பி, நாக்குப் பட்டதும் உடைந்து வாய் முழுக்கச் சீழ். காய்ச்சலில் பல் கிட்டியது. வலியில் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் அவளைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினார். பதற்றத்தில் வீட்டைப் பூட்டக்கூட மறந்துவிட்டார். எத்தனையோ மாடி ஆழத்தில் லிஃப்ட் குழியில் நின்று வேலை பார்க்கிற மனிதர்.

டாக்டர் திட்டினாள். "அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லிட்டுப் போனவங்க நீங்க. இடது பக்கத்தை அப்படியே விட்டுட்டீங்க. இப்ப வலது பக்கத்தைப் பாருங்க" என்று கண்ணாடியைக் கையில் கொடுத்து, கம்பியால் வலது ஈறைத் தொட்டாள். ரத்தம் வரவில்லை. வெளிர்ச்சிவப்பாக, இறுகலாக இருந்தது. பற்கள் நீளமாகத்தான் தெரிந்தன. ஆனால் கம்பி உள்ளே இறங்கவில்லை. டீச்சர் வெகுநேரம் அதைப் பார்த்தாள். வலி கண்ணை மறைத்துக்கொண்டிருந்தபோதும் அந்த வித்தியாசம் தெரிந்தது. ஒரே வாய்க்குள் ஆறிய பக்கமும் அழுகிய பக்கமும்.

சீழை வடித்து, மருந்து கொடுத்து, வீக்கம் அடங்கியபின் வரச் சொன்னாள். இந்த முறை போனாள். டாக்டர் முன்பல்லை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"இது நிக்காது டீச்சர்."

பள்ளியில் குழந்தைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெயரை வாயால் சொல்ல வராது என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகையைப் பெயராக வைப்பார்கள். காவலாளிக்கு மீசையைத் தடவுவது. தலைமை ஆசிரியைக்கு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடுவது. பேச்சு டீச்சருக்கு, ஆள்காட்டி விரலால் முன்பல்லைத் தட்டுவது. எடுப்பான பல், சிரித்தால் முதலில் அதுதான் தெரியும். பள்ளியை விட்டுப் போய்க் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள்கூட தெருவில் பார்த்தால் தூரத்திலிருந்தே பல்லைத் தட்டிக்கொண்டு ஓடி வருவார்கள்.

"அது மட்டும் வேண்டாம் டாக்டர். வேற எதை வேணும்னாலும் எடுங்க. பின்னாடி பல்லு எல்லாத்தையும் எடுத்துக்குங்க" என்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். தான் பேசுவதில் அர்த்தமில்லை என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. "நான் சரியா வந்திருந்தா நின்னிருக்குமா?"

டாக்டர் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள். "நிஜமா எனக்குத் தெரியாது. முதல் நாளே இது மோசமாத்தான் இருந்தது. ஆனா இதை வெச்சிருந்தா பக்கத்துப் பல்லும் போகும். மத்ததைக் காப்பாத்தறேன். அதுக்கு நீங்க விடணும்."

எடுப்பதற்குப் பலமே வேண்டியிருக்கவில்லை. பழுத்த பழம் காம்பிலிருந்து வருவதுபோல வந்துவிட்டது. அதுதான் அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது; ஒரு போராட்டம்கூட இல்லாமல். பிறகு இடது பக்கம் முழுவதையும் சுத்தம் செய்தாள் டாக்டர். கீழ்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பற்களை உட்புறமாக மெல்லிய கம்பி வைத்து ஒன்றோடொன்று கட்டினாள். புண் ஆறும்வரை பொய்ப்பல் வைக்க முடியாது என்றாள்.

மறுநாள் முகமூடி இல்லாமல் பள்ளிக்குப் போனாள். தைரியம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மறைத்து மறைத்துக் களைத்துப்போயிருந்தாள். வாசலில் காவலாளி சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். தையல் டீச்சர், "ஐயோ, என்ன ஆச்சு?" என்று கையைப் பிடித்தாள். "பல்லு போச்சு" என்றாள் டீச்சர். 'ல்'லுக்கு நாக்கு போய் வெறும் காற்றைத் தொட்டது.

தாழ்வாரத்தில் எறும்பு வந்தாள். டீச்சரின் வாயைப் பார்த்ததும் நின்றாள். கிட்டே வந்து தலையை அண்ணாந்து அந்த ஓட்டையைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு தன் வாயைத் திறந்து காட்டினாள். அவளுக்கும் முன்பல் விழுந்திருந்தது. ஈறில் புதுப் பல்லின் வெள்ளை முனை எட்டிப் பார்த்தது. அதை விரலால் தொட்டுக் காட்டி, கையைத் தரையிலிருந்து செடி மாதிரி மேலே உயர்த்தினாள். உங்களுக்கும் வளரும்தானே என்று கண்களால் கேட்டாள்.

டீச்சர் குனிந்து உட்கார்ந்தாள். "வளராது" என்று வாயை நன்றாக அசைத்துச் சொன்னாள். குழந்தைக்குப் புரிந்தது. முகம் மாறியது. டீச்சரின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு புது டீச்சரின் அறைக்கு ஓடிவிட்டாள்.

அந்த மாதத்திலேயே ஒரு நாள் எறும்பின் அம்மா இனிப்புப் பொட்டலத்தோடு வந்தாள். "கூப்பிட்டுட்டா டீச்சர்! அம்மான்னு கூப்பிட்டுட்டா! நேத்து புது டீச்சர் ரூம்ல..." என்றவள், இவள் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள். "விதை போட்டது நீங்கதான்னு எனக்குத் தெரியும்."

"யார் சொல்லிக் குடுத்தா என்ன? உன் முறை வந்துடுச்சு" என்று டீச்சர் அவள் தோளைத் தட்டினாள். சர்க்கரைக்காக அந்த இனிப்பை வாயில் போடவில்லை. அவள் போனபிறகு கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதாள். தன் கையிலிருந்து நழுவிய ஒன்று இன்னொருத்தி கையில் பத்திரமாக இருக்கிறது என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். அன்று முடியவில்லை.

அக்கா ஒருமுறை அவள் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து நாய்க்குட்டி மாதிரி முகர்ந்தாள். "பேஸ்ட் வாசனைதான் வருதுடி" என்றாள். கொஞ்சம் பொறாமையோடு, "எனக்கு யாரும் பல்லைக் காப்பாத்தலாம்னு சொல்லலை" என்றும் சொன்னாள்.

புண் ஆறி, பொய்ப்பல் பொருத்தி, 'ச'வும் 'த'வும் பழைய இடத்துக்கு வரக் கண்ணாடி முன்னால் பல வாரம் பிடித்தது. மறுபடி ஆழம் பார்த்தபோது எண்கள் இறங்கியிருந்தன. எல்லாம் இல்லை. பின்பக்கம் ஒரு கடைவாய்ப்பல்லின் எண் மட்டும் பிடிவாதமாக இறங்காமல் நின்றது.

"இதோட முடிஞ்சுதா டாக்டர்?"

"முடியாது டீச்சர். இது ஆறிப்போற நோய் இல்லை, அடக்கி வைக்கற நோய். மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்துக்கிட்டே இருக்கணும். அந்தக் கடைவாய்ப்பல்லை இன்னிக்கே இன்னொரு தடவை சுத்தம் பண்ணிடலாம்."

மரத்த வாயோடு நேராகப் பள்ளிக்குப் போனாள். மதிய வகுப்பு, பெரிய பிள்ளைகள். பேச ஆரம்பித்ததும் வகுப்பு முழுக்கப் புருவத்தைச் சுருக்கியது. கீழுதடு ஒரு பக்கம் தூங்கிக்கொண்டிருந்தது; மறுபக்கம் மட்டும் வார்த்தையைச் சொல்லியது. முன்வரிசைப் பெண் எழுந்து நின்று, 'டீச்சருக்கு இன்னைக்குப் பாதி வாய்தான் வந்திருக்கு, மீதி லீவு' என்று சைகை செய்தாள். வகுப்பு வெடித்தது. காது கேளாத பிள்ளைகள் சிரித்தால் அடக்கமெல்லாம் கிடையாது, கட்டடமே அதிரும்.

டீச்சர் சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டு, பின்வரிசையில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண் கரும்பலகைக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, கோணல் மாணலான குரலில் பாடத்தைப் படிக்கத் தொடங்கினாள். டீச்சர் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு அவள் உதடுகளைப் பார்த்தாள்.